ஊமைத் தண்ணி

கடலுக்கும் உக்கிரபாண்டிக்கும் இருந்த ஒரே சொந்தம் கருவாடுதான். அதுவும் அருப்புக்கோட்டைச் சந்தைக்கு வந்து, அங்கே வெயிலில் இன்னொரு தடவை காய்ந்து, பெண்டாட்டி ராக்கம்மாள் பேசுகிற பேரத்தில் மிச்சமிருந்த உயிரும் போய், அதற்கப்புறம் குழம்புக்கு வந்து சேருகிற சொந்தம். அப்பேர்ப்பட்டவருக்குப் பிறந்த ஜெகதீஸ்வரி, கடலுக்குள் காதை வைத்துக் கேட்கிற உத்தியோகத்துக்குப் போவாள் என்று எந்த ஜோசியனும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனை உட்காரவைத்து வேப்பிலை அடித்திருப்பார்கள்.

மாசி பிறந்த வாரத்தில் அவள் ஊருக்கு வந்தாள். எம்.ரெட்டியபட்டி விலக்கு ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, போர்வையில் சுற்றிய எதையோ இடுப்பில் பச்சைப்பிள்ளை மாதிரி வைத்திருந்தாள். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் போட்டுவிட்டாராம். மடியில்தானே வைத்திருந்தேன், பிள்ளையாக இருந்தால் போடுவாரா என்று நொந்துகொண்டாள். கூட்டிப்போக வந்த உக்கிரபாண்டி அதை வாங்கிக் கையில் ஏந்திப் பார்த்தார். கனம் இருந்தது. போர்வையை விலக்கினால் முழங்கை நீளத்துக்கு மேல் ஒரு வெள்ளைக் குழாய், நுனியில் கறுப்பாக ஒரு குமிழ். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கச் சொல்லித் தினமும் நச்சரிக்கிற ராக்கம்மாளிடம் இதை இப்படியே போர்வையோடு நீட்டினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்து, வழி நெடுகத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வண்டி ஓட்டினார்.

ஜெகதீஸ்வரிக்குக் கிழக்கே கடற்கரையில், ஓங்கில்களைக் காபந்து பண்ணுகிற ஒரு ஆபீஸில் வேலை. ஓங்கில் என்றால் டால்பின். டிவியில் பந்து தட்டி விளையாடுமே, அதேதான். விளையாட்டெல்லாம் டிவியில்தான், கடலில் அதற்கும் நம்மைப்போலப் பிழைப்பு இருக்கிறது. கரையோரத்துக் கலங்கல் தண்ணியில் கண் எடுபடாது. அதனால் சத்தம் கொடுத்து, அந்தச் சத்தம் பட்டுத் திரும்புவதைக் கேட்டு, இரை எங்கே, பாறை எங்கே என்று கண்டுகொள்ளும். தாய் குட்டியைக் கூப்பிடுவதும் சத்தத்தில்தான். அதையெல்லாம் கேட்டுப் பதிந்து வைக்கிற காதுதான் இந்தக் குழாய். கடலடியில் கட்டிப் போட்டால் கேட்டுக்கொண்டே கிடக்கும். ஜெகதீஸ்வரி படகில் போய் எடுத்து வந்து, கம்ப்யூட்டரில் போட்டு, எந்த மாசம் எந்தப் பக்கம் ஓங்கில் நடமாடியது என்று கணக்கு எடுப்பாள்.

ஒரு வருசம் கேட்டாகிவிட்டது. கழிந்த ஆவணியில் அந்தப் பதிவுக்குள் ஒரு இரைச்சல் புகுந்துகொண்டது. தூக்கம் வராத கிழவன் அடித்தொண்டையில் முனகுவதுபோல ஓயாத இரைச்சல். அது வந்தபிறகு ஓங்கில் சத்தம் தேய்ந்துகொண்டே போய், ஐப்பசிக்கு மேல் கேட்பதே அபூர்வமாகிவிட்டது.

இரைச்சல் கடலுடையதா, குழாயுடையதா? கடலுடையது என்றால், பக்கத்தில் கடலடி மண்ணைத் தூர்வாருகிற எந்திரங்களைக் கைகாட்டலாம். குட்டி போடுகிற மாசங்களிலாவது தள்ளிப்போய் வேலை பாருங்கள் என்று அதிகாரிகள் கூட்டத்தில் கேட்கலாம். குழாயே பழுதாகி, தண்ணிக்குள் கிடந்து சூடேறினால் தானே முனகுகிறது என்றால், ஒரு வருசப் பாடும் குப்பைக்கு. ஆபீஸில் மூத்தவரான கஸ்தூரி மேடம் கறாராகச் சொல்லிவிட்டார்: குழாய் சுத்தம் என்று தெரிந்தால்தான் கூட்டத்தில் வைப்பேன், இல்லையென்றால் நம்மைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள்.

குதிரைவாலிச் சோற்றில் கருவாட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே ஜெகதீஸ்வரி இதைச் சொன்னாள். ஆபீஸ் தொட்டியில் போட்டால் ஏசி சத்தம் கேட்கிறது, கடலில் போட்டால் கடல் கேட்கிறது. ஒரு சத்தமும் இல்லாத ஊமைத் தண்ணி வேணும். அதில் ஒரு பகல் முழுக்கக் கிடந்தால்தான் குழாயின் யோக்கியதை தெரியும். அதற்குத்தான் நம்ம கிணத்தை நினைத்துக்கொண்டு வந்தேன் என்றாள்.

"இரைச்சல் எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிக்கவா இம்புட்டுத் தூரம் வந்த?" என்றாள் ராக்கம்மாள், புருசனைப் பார்த்துக்கொண்டே. "இந்த வீட்டைப் பொறுத்த மட்டும் நான் குழாய் இல்லாமலே சொல்லிருவேனே."

முதலில் வீட்டுச் சிமெண்டுத் தொட்டியில் போட்டுப் பார்த்தார்கள். கிரைண்டர் கேட்டது. ஆடு வந்து தண்ணி குடித்தது கேட்டது. உக்கிரபாண்டி தொட்டி ஓரமாகக் கட்டிலை இழுத்துப் போட்டு, சத்தம் வராமல் காவல் காக்கிறேன் என்று படுத்து, குறட்டை விட்டது கேட்டது. கிணறுதான் வழி என்று ஆயிற்று.

கிணற்றில் இந்த வருச மழைக்குப் பாதிக்கு மேல் தண்ணி கிடந்தது. ஆனால் அது உக்கிரபாண்டிக்கும் அவருடைய பெரியப்பா மகன் பால்ச்சாமிக்கும் பங்குக் கிணறு. ஒருநாள் இவர் முறை, மறுநாள் அவர் முறை. இவர் தன் முறையில் மோட்டாரை நிறுத்திக்கொள்ளலாம். பால்ச்சாமியோ தன் பங்கு நிலத்தில், கிணற்றை ஒட்டியே போர் போட்டிருந்தார். கரண்டு வந்தால் தானே ஓடுகிற மோட்டார். மேலே நிற்கிறவனுக்கு ஒன்றும் பெரிசாகத் தெரியாது. கிணற்றுத் தண்ணிக்குள் குழாயை இறக்கினால் அது மட்டும்தான் கேட்கும்.

நிறுத்தச் சொல்லலாம்தான். சொல்வதற்குப் பேச்சுவார்த்தை வேணுமே. நாலஞ்சு வருசம் முந்தி பால்ச்சாமி முதல் தடவை போர் போட்டபோது, தண்ணி வராமல் வெள்ளைப் புழுதியாகக் குமிந்தது. ஊரே வாயைப் பொத்திக்கொண்டு நிற்க, உக்கிரபாண்டி மட்டும், "கவலைப்படாதண்ணே, அள்ளிச் சலிச்சுப் பொட்டணம் போட்டா பழனிக்கே திருநீறு அனுப்பலாம்" என்றார். ஊர் சிரித்தது. பால்ச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அன்றோடு சரி. இரண்டாவது போரில் தண்ணி வந்தது, பேச்சு வரவில்லை. பெண்டுகள் ராக்கம்மாளும் வெள்ளைத்தாயும் மட்டும் புருசன்மார் பகையை மதித்ததாகத் தெரியவில்லை. ரேசன் கடை வரிசையில் ஒருத்தி பைக்கு இன்னொருத்தி இடம் போட்டுத்தான் நின்றார்கள்.

இது போதாதென்று உக்கிரபாண்டி தங்கசாமி டீக்கடைக்குப் போய், மகளின் உத்தியோகத்தை விளக்கினார். தண்ணிக்குள் குழாயைப் போட்டால் உள்ளே நடக்கிறது பூராவும் சொல்லிவிடும் என்றார். தண்ணி என்று ஆரம்பிக்கிற எதையும் அந்தப் பக்கத்து ஜனம் தங்கள் சௌகரியத்துக்குத்தான் முடித்துக்கொள்ளும். அந்திக்குள், உக்கிரபாண்டி மகள் ஊற்றுப் பார்க்கிற மிஷின் கொண்டுவந்திருக்கிறாள் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. மறுநாள் காலையில் மல்லாங்கிணறு பக்கமிருந்து ஒருத்தர் தேங்காய், வெற்றிலை பாக்கோடு வந்து வாசலில் நின்றார். தோட்டத்துக்கு வந்து ஒரு பாயிண்ட் குறித்துக் கொடுக்கவேண்டும் என்றார். இது மீன் சத்தம் கேட்கிற மிஷின் என்று ஜெகதீஸ்வரி தலைகீழாக நின்றாள். அவரோ, பெரிய வித்தைக்காரர்கள் இப்படித்தான் முதலில் மறுப்பார்கள் என்று தலையாட்டிவிட்டு, தேங்காயை வைத்துவிட்டே போனார். ராக்கம்மாள் அதைச் சட்னிக்கு உடைத்தாள்.

வெள்ளைத்தாய் வந்து குசுகுசுத்துவிட்டுப் போனாள். அவள் புருசனுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லையாம். ஊற்று எந்தப் பக்கம் என்று மிஷினை விட்டுப் பார்த்து, கிணற்றுக்குள் இறங்கிப் பக்கவாட்டில் சைடு போர் போட்டு, அத்தனை தண்ணியையும் தம்பி தன் பக்கம் இழுக்கப் போகிறான் என்று கட்டிலில் உட்கார்ந்து சுவரோடு பேசிக்கொண்டிருக்கிறாராம்.

"நானே போயிக் கேக்குறேன்" என்றாள் ஜெகதீஸ்வரி. உக்கிரபாண்டியும் கூடப் போனார். எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. ஒரு வருசத்துப் பாடு போய்விடும் என்று மகள் இரண்டு நாளாகச் சோற்றை அளைந்துகொண்டிருப்பதைப் பார்க்க முடியாமல்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

பால்ச்சாமி மல்லிப்பூத் தோட்டத்தில் மடை திருப்பிக்கொண்டிருந்தார். கவாத்து வெட்டி, செடியெல்லாம் குச்சியாக நின்று, கணுவுக்குக் கணு துளிர் முட்டிக்கொண்டிருந்த நேரம். ஒரு பாத்தி நிறைந்ததும் மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டி அடைத்து, அடுத்த பாத்திக்குத் திறந்துவிட்டார். பிள்ளையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பின்னால் நின்றவரைப் பார்த்ததும் பழையபடி மூடிக்கொண்டது.

"என்னத்தா, எப்ப வந்த? எளைச்சுப் போயிட்டியே."

"வந்து நாலு நாளாச்சு பெரியப்பா. ஒரு பகலுக்கு மட்டும் உங்க போரை நிப்பாட்டித் தரணும்."

"எதுக்கு? உங்கப்பன் சைடு போருக்கு அளவெடுக்கவா?"

"சைடு போரும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒரு சத்தம் போடுறேன், கேளுங்க."

அவள் செல்போனை அவர் காதோரம் வைத்தாள். பால்ச்சாமி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு குனிந்தார்.

"கடுகு தாளிக்கிற மாதிரில்ல இருக்கு?"

"அதுதான் பெரியப்பா, ஓங்கில் இரை தேடுற சத்தம். இப்ப சீட்டி மாதிரி ஒண்ணு வரும் பாருங்க. அது தாய் குட்டியக் கூப்பிடுறது."

"ஆமா, வருது. பெறகு இன்னொண்ணு பதிலுக்கு வருது." அவர் முகத்தில் பாதி பல் தெரிந்தது. "அட, பேசுதுகளே."

"இது ஆடி மாசத்துச் சத்தம். இப்ப கார்த்திகையிலது போடுறேன்."

இரைச்சல் மட்டும் வந்தது. பால்ச்சாமி செல்போனைக் கையில் வாங்கி, காதில் அமுக்கி, மற்ற காதைப் பொத்திக்கொண்டு கேட்டார். பாத்தி நிறைந்து வரப்பு உடைந்து தண்ணி காலுக்கடியில் ஓடியது. அவர் கவனிக்கவில்லை.

"கடுகக் காணுமே."

"ஆமா பெரியப்பா. இரைச்சல் கடல்ல இருக்கா, எங்க மிஷின்ல இருக்கான்னு தெரியணும். மிஷின்ல இருந்துச்சுன்னா நான் ஒரு வருசம் கேட்டது பூராம் பொய்யி."

பால்ச்சாமி துளிர்களைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். ஒரு பகல் தண்ணி தள்ளிப்போனால் துளிர் சுண்டும், பூ ஒரு வாரம் பிந்தும். அதை அவர் சொல்லவில்லை. அங்கே நின்ற மூன்று பேருக்கும் அது தெரியும்.

"நாளைக்கு நிப்பாட்டுறேன். ஆனா பொழுது சாயிற மட்டும் நானும் கெணத்து மேட்டுல உக்காருவேன். உள்ள ஒரு உளி விழுகுற சத்தம் கேட்டாலும் கரண்டப் போட்டுருவேன்னு உங்கப்பன்கிட்டச் சொல்லு."

எட்டிப் பிடிக்கிற தூரத்தில் நின்ற உக்கிரபாண்டி மகளிடம் சொன்னார்: "தாராளமா வரச்சொல்லு தாயி. வெயிலு சாஸ்தி, தலைக்குத் துண்டு கொண்டாரச் சொல்லு."

மறுநாள் பொழுது கிளம்புகிற நேரத்துக்கே பால்ச்சாமி வந்துவிட்டார். சுவிட்சுப் பெட்டியிலிருந்து பீஸ் கேரியரைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டார். சுவிட்சை மட்டும் அணைத்தால், தம்பி போட்டுவிட்டுத் தன் மேல் பழி சொல்வான் என்று ஒரு பயம். ஜெகதீஸ்வரி குழாயில் கயிறு கட்டி, சுவரில் இடிக்காமல் நடுத்தண்ணியில் தொங்கும்படி ஒரு சவுக்குக் கம்பை நீட்டி இறக்கினாள். தங்கக் குடத்தை இறக்குகிற மாதிரி உக்கிரபாண்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு கயிறு விட்டார். பிறகு அவள் சட்டம் சொன்னாள். கிணற்றுக் கல்லில் மிதிக்கக்கூடாது, உள்ளே எதையும் போடக்கூடாது, சத்தமாகப் பேசக்கூடாது. அவள் வேப்பமரத்தடிக்குப் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்துகொண்டு உட்கார்ந்தாள்.

கிணற்று மேட்டில் இந்த ஓரத்தில் ஒருத்தர், அந்த ஓரத்தில் ஒருத்தர். இத்தனை வருசம் பேசாமல் இருந்தவர்களுக்கு ஒரு சிரமமும் இருந்ததில்லை. சத்தமாகப் பேசக்கூடாது என்று சட்டம் வந்ததும் இரண்டு பேருக்கும் நாக்கு அரிக்க ஆரம்பித்தது. வெயில் ஏற ஏற நிழல் சுருங்கியது. நிழலோடு சேர்ந்து இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நகர்ந்து, உச்சிக்கு முந்தி ஒரே பனையோலைப் பந்தலுக்கடியில் வந்து சேர்ந்தார்கள்.

பால்ச்சாமிதான் முதலில் வாயைத் திறந்தார். காதுக்குள் ஓதுகிற மாதிரி ஓதினார்.

"ஏலே, அன்னைக்குத் திருநீறுன்னு சொன்னேல்ல."

"சொன்னேண்ணே."

"எனக்கே சிரிப்புத்தான் வந்துச்சு. ஊரு முந்திச் சிரிச்சிருச்சு. பெறகு நான் எப்படிச் சிரிக்க?"

உக்கிரபாண்டிக்குச் சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. சத்தம் போட்டால் மகளின் ஒரு வருசம் போய்விடும். துண்டை வாய்க்குள் திணித்துக்கொண்டார். கண்ணில் தண்ணி முட்டியது. பால்ச்சாமியும் தோள் குலுங்க முதுகைத் திருப்பிக்கொண்டார். கம்மங்கூழும் மோர்மிளகாயும் கொண்டுவந்த ராக்கம்மாளும் வெள்ளைத்தாயும், இரண்டு கிழடுகள் தலையோடு தலை ஒட்டி உட்கார்ந்து குலுங்குவதைப் பார்த்துத் தூரத்திலேயே நின்றுவிட்டார்கள். அழுகிறார்களா, அடித்துக்கொள்கிறார்களா என்று தெரியவில்லை. பாத்திரத்தை வைத்தால் சத்தம் வருமோ என்று பயந்து, வெள்ளைத்தாய் அவர்கள் குடித்து முடிக்கும்வரை தூக்குவாளியைக் கையிலேயே தூக்கிக்கொண்டு நின்றாள்.

அதற்கப்புறம் பொழுது சாயிற மட்டும் ஓயாத ஓதல். மல்லி இலையில் விழுந்த செம்பேன், பருத்திக்கு ஆள் கிடைக்காத பாடு, வீரசோழன் சந்தையில் வாங்கின கிடாய் நோக்காடு கண்டது என்று சேர்த்து வைத்ததையெல்லாம் குசுகுசுவென்றே பேசித் தீர்த்தார்கள்.

மேற்கே வெயில் மஞ்சளாகிற நேரத்தில் ஜெகதீஸ்வரி குழாயை மேலே இழுத்தாள். அதிலிருந்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி ஓடவிட்டு, திரையில் நெளிகிற கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உக்கிரபாண்டி குலசாமிக்கு ஒரு கிடாயை மனசுக்குள் நேர்ந்தார். கிடாய் விலையை நினைத்துச் சேவலாகக் குறைத்தார். மகள் முகம் சுளித்ததைப் பார்த்ததும் கிடாய்க்கே திரும்பிப் போனார்.

"உச்சி நேரத்துல டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம் வருதே. யாரு?"

"வெத்தலை இடிச்சேன் தாயி" என்றார் பால்ச்சாமி, களவு பிடிபட்ட மாதிரி.

"மத்தபடி ஒண்ணும் இல்ல. தண்ணி சொட்டுது. மீனு பொரளுது. கடைசி வரைக்கும் சுத்தமா இருக்கு." அவள் காதிலிருந்து கழற்றினாள். "மிஷின்ல பழுது இல்லப்பா."

உக்கிரபாண்டிக்கு எழுந்து ஆட வேண்டும்போல இருந்தது. மகளின் வருசம் மகளுக்கே கிடைத்துவிட்டது. துண்டை உதறி, என்னமோ சொல்ல வாயெடுத்தார். அவள் சிரிக்கவில்லை. குழாயைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஈரம் போனபிறகும் துடைத்தாள்.

"நல்ல சேதிதானத்தா?" என்று மட்டும் கேட்டார் உக்கிரபாண்டி.

"நல்ல சேதிதாம்ப்பா. நான் கேட்டது பொய்யில்ல." குழாயை மடியில் கிடத்தினாள். "அப்பன்னா அந்த இரைச்சல் பூராம் கடலுக்குள்ளதான் இருக்கு. இப்பவும் ஓடிக்கிட்டு இருக்கும். மிஷினு கெட்டுப்போயிருந்தா, அதுக அங்கனயே இருக்கு, நமக்குத்தான் கேக்கலன்னு மனசத் தேத்திக்கிடலாம்."

உக்கிரபாண்டி எடுத்த வாயை மூடிக்கொண்டார்.

பால்ச்சாமி தான் ஒருதரம் கேட்கவேண்டும் என்றார். மாட்டிவிட்டாள். தன் கிணற்றுக்குள் தண்ணி சொட்டுவதை அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஆயுசில் முக்கால்வாசியை அந்தக் கிணற்றைச் சுற்றியே கழித்தவர், அது இவ்வளவு பேசும் என்று தெரியாதே என்றார். பிறகு மடியிலிருந்து பீஸ் கேரியரை எடுத்துக் கையில் உருட்டினார்.

"தாயி, இங்க சுவிச்சுக்குப் பக்கத்துல நான் உக்காந்திருக்கேன். மூஞ்சி தெரிஞ்சவன். நீ வந்து கேட்ட, நிப்பாட்டுனேன். அங்க யாருகிட்டப் போயிக் கேப்ப?"

"ஒரு ஆளா இருந்தாத் தேவலயே பெரியப்பா. ஒரு கூட்டமே இருக்கு. முழுசா நிப்பாட்டச் சொல்லல. குட்டி போடுற மாசத்துக்கு மட்டும், கெணத்துல நம்ம வச்சிருக்கோம்ல, அது மாதிரி ஒரு முறை கேக்கப் போறோம்."

"முறைன்னா நாயந்தான். அதுகளும் ஒரு வகைக்குப் பங்காளிதான."

"பங்காளின்னு சொல்லாதண்ணே" என்றார் உக்கிரபாண்டி. "பெறகு அதுகளும் நம்மளோட பேசாமப் போயிரும்."

பால்ச்சாமி சத்தமாகவே சிரித்தார். ஜெகதீஸ்வரியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே செல்போனை எடுத்து, கஸ்தூரி மேடத்துக்கு எழுதினாள். எழுதி முடித்தும் அனுப்பாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். குழாய் சுத்தம், பதிவு பூராவும் செல்லுபடியாகும், கூட்டத்தில் வைக்கலாம். பிறகு அனுப்பினாள்.

"சரித்தா, துளிரு காயுது. நான் போட்டுக்கிறட்டா?" என்றார் பால்ச்சாமி.

"கொஞ்சம் பொறுங்க பெரியப்பா. மோட்டாரு ஓடுனா இதுல எப்படிப் பதியுதுன்னு ஒப்பிட்டுக் காட்டணும்."

அவள் குழாயை மறுபடி கிணற்றுக்குள் இறக்கி, இந்தத் தடவை ஒரு வயரைச் செருகி நேராகவே காதில் மாட்டிக்கொண்டு கிணற்று விளிம்பில் உட்கார்ந்தாள். போடுங்கள் என்று கையைக் காட்டினாள். பால்ச்சாமி பீஸ் கேரியரைச் செருகினார். சுவிட்சைத் தட்டினார். தூரத்துக் குழாயில் தண்ணி செருமிக்கொண்டு வந்து பாத்திக்குள் விழுந்தது. அவர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மடையைப் பார்க்க ஓடினார்.

மேலே நின்ற உக்கிரபாண்டிக்கு மோட்டார் ஒரு ஈ பறக்கிற அளவுக்குத்தான் கேட்டது. மகள் முகத்தைப் பார்த்தார். அவள் கண்ணை இறுக்கி, பல்லைக் கடித்து, தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, ஆனாலும் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். தண்ணிக்குள் அது எவ்வளவு பெரிசு என்று அந்த முகத்தை வைத்துத்தான் அவர் அளந்துகொண்டார். பக்கத்தில் போய், கல்லில் சத்தம் வராமல் உட்கார்ந்தார்.